பூட்டிய வீடுகளுக்கு நான் போட்ட நூறு

புதிதாகச் சுகாதார ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். நீலகிரி மலையில், இத்தலாரில் என் வீட்டுக்கு எதிரே ஒரு கேரட் தோட்டம். காலையில் அது இருக்கும். பத்து மணிக்கு மூடுபனி வந்தால் தோட்டம், வேலி, அதற்கப்பால் பஸ் நிறுத்தம் எல்லாம் போய்விடும். பஸ் வந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்கும், யாரோ இறங்குவார்கள், யாரென்று தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் பேனாவை எடுத்தால் கை ஓடுவதில்லை, மனம் மட்டும் எங்கெங்கோ போகிறது.

குப்பையைப் பிரிப்பது, உரக்குழியைக் கிளறுவது, அபராத நோட்டீஸ் எழுதுவது எல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். செல்போனிலேயே அறிக்கை அனுப்புகிறீர்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் செய்த தப்புகளுக்குக் குறைவில்லை. மற்றவற்றை எல்லாம் மறந்து தொலைத்துவிட்டேன். இது ஒன்று மட்டும் மூடுபனி வரும்போதெல்லாம் கூடவே வருகிறது.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம். கீழே பஜார், மேலே சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட். எஸ்டேட்டில் நாலு வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். அந்தப் பக்கம் குப்பை எடுப்பவர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்த வழக்கத்தில் நாம் லைன் வீடு என்பதை அவர் லயம் என்பார். அவருடைய தம்பி அந்த எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்ததால் அவர்கள் குடும்பமும் அதே வீடுகளில்தான் குடியிருந்தது.

குப்பை வண்டி போக வேண்டிய பாதையை வரைந்தது நான்தான். முதலில் பஜார், கடைசியில் எஸ்டேட். பெரிய மனிதர்கள் எழுந்து வருவதற்குள் பஜார் பளிச்சென்று இருக்க வேண்டுமல்லவா? அதனால் செல்வராணி காலை ஆறு மணிக்குத் தன் வரிசை வீடுகளை எல்லாம் தாண்டி வெறுங்கையோடு பஜாருக்கு இறங்குவார். அப்போது எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும், அடுப்பெரியும், குழந்தைகள் பல் துலக்கிக்கொண்டிருக்கும். பஜார் வேலையை முடித்துவிட்டு வண்டியோடு அவர் மறுபடி மேலே ஏறும்போது மணி பத்தாகிவிடும். அப்போது எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

"பாதி ஊடு பூட்டியே கெடக்குதுங்க சார். கதவுல மாட்டி வெச்சிருக்கறத மட்டும் எடுத்துட்டு வர்றனுங்க" என்று அவர் என்னிடம் பலமுறை சொன்னார். நானும் பலமுறை தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மாதா மாதம் சென்னைக்கு ஒரு படிவம் போகும். அதில் ஒரு கட்டம், வீட்டுக்கு வீடு சேகரிப்பு எத்தனை சதவீதம் என்று. முதல் மாதம் நான் உள்ளதை உள்ளபடி குறைவாகத்தான் எழுதினேன். மறுநாளே போன் வந்தது. குறைவுக்குக் காரணம் கேட்டு ஒரு படிவம், காரணத்துக்கு ஆதாரம் கேட்டு இன்னொரு படிவம், குறைவை எப்போது நிறைவு செய்வாய் என்று மூன்றாவதாக ஒன்று. இரண்டு வாரம் வெளியே போகாமல் அவற்றுக்குப் பதில் எழுதினேன். அடுத்த மாதம் நூறு என்று போட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அன்று மாலை மழை பெய்துகொண்டிருந்தது, அலுவலகத்தில் அவ்வளவு அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பிறகு எல்லா மாதமும் நூறு. நடுவில் ஒருமுறை இன்னொரு வண்டி வேண்டும் என்று கேட்டு எழுதினேன். நூறு சதவீதம் எடுக்கிறவருக்கு இன்னொரு வண்டி எதற்கு என்று பதில் வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது, ஆனாலும் அடுத்த மாதமும் நூறுதான் போட்டேன்.

பூட்டிய வீடுகளின் குப்பை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. வேலை முடிந்து வந்ததும் அவரவர் கொண்டுபோய் அதில் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஓடை முழுக்கப் புதர். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அந்த யாரும் என்பதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லாததைக் கரடி வந்து சொல்லிவிட்டது. ஒரு நாள் காலையில் புகார் வந்தது என்று ஓடையைப் பார்க்கப் போனேன். மூடுபனி கண்ணை மறைத்தது, பத்தடி தள்ளி எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது. ஓடைக்கரையில் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ குந்தியிருந்தார்கள். எண்ணெய்ப் பாக்கெட் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பாவம், யாரோ பசியில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "ஏனுங்க, அதையெல்லாம் தின்னக்கூடாதுங்க" என்று அக்கறையாகச் சொன்னேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அது எழுந்து அவசரமில்லாமல் வெண்மைக்குள் நடந்து போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கனவென்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஒரு காலில் செருப்பில்லை.

அதே வாரம் கரடி எஸ்டேட்டின் குழந்தைக் காப்பகம் வரை வந்துவிட்டது. உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயா சட்டென்று கதவைச் சாத்தியதால் தப்பித்தார்கள். யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் செல்போனில் சுற்றியது. தாய்மார்கள் வேலைக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்டேட் நிர்வாகம் மேலே எழுதியது. ஓடையில் இத்தனை குப்பை எப்படி வந்தது என்று விசாரிக்க உத்தரவு வந்தது.

விசாரணையில் முதலில் கையில் எடுத்தது என் படிவத்தைத்தான். அதன்படி எல்லா வீட்டுக் குப்பையும் வாசலிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்த குப்பை ஓடையில் கிடக்கிறது. அப்படியென்றால் எடுத்தவர்தான் வண்டி வரை சுமக்கச் சோம்பல்பட்டு ஓடையில் கொட்டியிருக்க வேண்டும். இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. செல்வராணியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள்.

வேலை போனது மட்டுமில்லை. அவர் குடியிருந்ததே அந்த வீடுகளில்தான். கரடியைக் கூட்டிவந்தவள் என்று பெயர் வந்துவிட்டது. தாங்களே ஓடையில் போட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்று வண்டி டிரைவர் என்னிடம் சொன்னார். விசாரணையில் குற்றம் உறுதியானால் அந்தப் பெயர் எழுத்திலும் ஏறிவிடும். பிறகு அவர் எந்த முகத்தோடு அந்தத் தாய்மார்கள் நடுவில் இருக்க முடியும்? எனக்கு இது புரியாமல் இல்லை. விசாரணையில் தானாக உண்மை வெளியே வந்துவிடும், நாம் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி கீழே சமவெளியிலிருந்து வந்த ஓர் அம்மா. குளிர் தாங்காமல் சால்வையை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரூராட்சி அலுவலகத்தின் நடுக்கூடம், பகல் இரண்டு மணிக்கே விளக்கைப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து மேசைக் காகிதங்களை ஈரமாக்கிக்கொண்டிருந்தது. செல்வராணியை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லா வீட்டிலயும் குப்பை எடுத்தீங்களாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

செல்வராணி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார், "எடுத்தனுங்க."

"தினமுமா?"

"ஆமாங்க."

"அப்ப ஓடையில கிடக்கறது எங்கிருந்து வந்துச்சு?"

செல்வராணி ஜன்னல் பக்கம் பார்த்தார், அங்கே பார்க்க எதுவுமில்லை.

இந்தப் பெண் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். நான் எழுதிய நூறு பொய்யாகிவிடக் கூடாதென்று தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. இஞ்சி போட்ட டீ. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அந்த அம்மா முடிவைச் சொல்லச் சொல்ல, எழுத்தர் எழுதினார். எழுதி முடித்ததைப் படித்துக் காட்டினார். செல்வராணி என்ற பெயர், கணவர் பெயர், வீட்டு எண், அதன்பின் "சேகரித்த கழிவுகளைப் பொறுப்பின்றி நீரோடையில் கொட்டியது ஐயமற நிரூபணமாகிறது" என்று ஒரு வாக்கியம். எழுத்தருக்கு நல்ல குரல். அத்தனை தெளிவாக ஒரு பொய்யை நான் கேட்டதில்லை, அதற்கு அடிப்படை என் கையெழுத்து.

"மேடம், அந்த நூறு பொய்ங்க" என்றேன்.

"எந்த நூறு?"

"படிவத்துல இருக்கறதுங்க. பாதி வீடு பூட்டியிருக்கும்னு இவங்க எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. தெரிஞ்சேதான் போட்டனுங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுத்தரிடமிருந்து ஒரு வெள்ளைத்தாளை வாங்கி என் பக்கம் தள்ளினார். "இப்பவே எழுதுங்க. இந்த மேசையிலயே. வெளியில போய் ஒரு நடை நடந்துட்டு வந்தீங்கன்னா வார்த்தை மாறிடும்" என்றார். அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் என்னைச் சரியாக எடைபோட்டவர் அவர் ஒருவர்தான். வெளியே போயிருந்தால் கண்டிப்பாக மாற்றியிருப்பேன். சில வீடுகள் சில நாட்கள் பூட்டியிருந்திருக்கக்கூடும் என்று வழுவழுவென்று ஏதாவது எழுதியிருப்பேன். நெருக்கடியில் உங்களுக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றினால் அது தங்கும் என்று நம்பாதீர்கள். இருந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

நான் எழுதி முடித்ததும் அவர் செல்வராணி பக்கம் திரும்பினார். "சரிம்மா, பூட்டின வீட்டில எப்படித்தான் எடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

அத்தனை நேரம் நின்றிருந்தவர் அப்போதுதான் உட்கார்ந்தார். "பெரட்டுக்கு எல்லாரும் வருவாங்கல்லங்க" என்றார்.

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் மைதானத்தில் கூடி நிற்பது. அங்கே பெயர் கூப்பிட்டு, இன்று யாருக்கு எந்தத் தேயிலைக்காடு என்று பிரித்து அனுப்புவார்கள். அவரவர் வீட்டு வாளியைப் பெரட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவரட்டும், வண்டி அங்கேயே வந்து நின்றால் போதும் என்றார் செல்வராணி. வாசல் வாசலாகப் படியேறத் தேவையில்லை, பூட்டு ஒரு பிரச்சினையே இல்லை. "பஜார்ல கடையே ஒம்பதரைக்குத்தானுங்க தொறக்கறாங்க. அங்க ஏழு மணிக்குப் போயி நாங்களும் பூட்டின கடையத்தானுங்க பாக்கறோம்" என்றார். நான் வரைந்த பாதையைத் தலைகீழாக்கினால் எல்லாம் சரியாகிவிடும். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, அவர் சொன்னபோதெல்லாம் தலையாட்டியது யார் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

செல்வராணி வேலைக்குத் திரும்பினார். என் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அது நியாயம்தான். மேடம் தன் அறிக்கையை எஸ்டேட்டுக்கும் அனுப்பிவைத்தார், அதை மேலாளர் பெரட்டில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் செய்தார்.

வாளிகள் வந்த முதல் நாள் நானும் போய் நின்றேன். காலை ஏழேகால். மைதானம் முழுக்க வெள்ளை. ஆட்கள் யாரும் தெரியவில்லை. சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிடுவார், வெள்ளைக்குள் எங்கிருந்தோ "இருக்கேன்" என்று ஒரு குரல் வரும், கொஞ்ச நேரத்தில் ஓர் உருவம் திரண்டு வந்து வாளியை வண்டியருகில் வைத்துவிட்டு மறுபடி கரைந்து போகும். பச்சை வாளி, நீல வாளி. மழைக்கோட்டுக்கு மேல் கூடையைக் கட்டிக்கொண்ட பெண்கள். சில பெண்கள் வாளியை வைக்கும்போது செல்வராணியின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொரு வாளியையும் திறந்து பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலை எனக்குள் இன்னும் முடியவில்லை. சில நாள் விடியலில் விழிப்பு வந்தால் அந்தக் குரல்கள்தான் முதலில் கேட்கின்றன.

அந்த மாதப் படிவத்தில் வீட்டுக்கு வீடு சேகரிப்பு என்ற கட்டத்தில் எஸ்டேட்டுக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். ஒரு வீட்டு வாசலிலும் எடுக்கவில்லையே. ஆனால் ஓடைக்கு ஒரு வாளி கூடப் போகவில்லை என்று பக்கத்தில் எழுதினேன். போன் வந்தது, மூன்று படிவமும் வந்தன, பதில் எழுதினேன். விசாரணைக்கு வந்த மேடமும் தன் பங்குக்கு மேலே எழுதினார் என்று பிறகு தெரிந்தது. மலைத் தோட்டங்களுக்கு மட்டும் "கூடுமிடத்தில் சேகரிப்பு" என்று தனிக் கட்டம் வந்தது அதன் பிறகுதான். அரசாங்கத்துக்குக் காது கேட்காது என்று புதிதாக வந்தவர்கள் சொல்வீர்கள். நாம் நூறு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு வேறென்ன கேட்கும்?

இப்போது உங்கள் செயலியில் கடைசியாக இன்னொரு கட்டம் இருக்கிறது. "எடுப்பவர் சொல்வது" என்று. அதை அன்றன்று வேலை முடிந்ததும் அவரிடமே கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிய வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டம் வேண்டுமென்று கெஞ்சிக் கடிதம் எழுதியவன் நான்தான், ஓய்வு பெற்ற மறு வாரம். வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. உங்களில் சிலர் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதில் "ஏதுமில்லை" என்று தட்டிவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஏன் கெஞ்சினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். மாலை, மிக்சர், கேக். பேசச் சொன்னபோது நான் விசாரணை நாளைப் பற்றிப் பேசினேன். என் தப்பை மறைக்க ஒரு தூய்மைப் பணியாளர் தன் பிழைப்பையே பணயம் வைத்தார், என்மேல் அப்படி ஒரு விசுவாசம், அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்று தழுதழுத்தேன். கைதட்டினார்கள். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றரை வருஷமும் நான் அந்த நினைப்பை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். என்ன தப்பு செய்தாலும் ஒருத்தி நமக்காக நின்றாள் என்பது எவ்வளவு இதமான நினைப்பு!

கூட்டம் கலைந்ததும் செல்வராணி என் பக்கத்தில் வந்தார். வெளியே சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், அன்னிக்கு உங்களுக்காக நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார்.

மாலையைக் கழற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தாள்ல நூறுன்னு போட்டு உங்க கையெழுத்து இருந்துச்சுங்க. நான் இல்லைன்னு சொன்னா யாருங்க நம்பியிருப்பாங்க?"

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. தவறாகப் போய்ச் சேர்ந்த ஒன்றை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பது போலச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்குங்க சார் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.